பிறவித் திறமையா? மன உறுதியா?

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். "முத்தையா முரளிதரன் டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தாரே, மன உறுதியாலா? பிறவியிலேயே முழங்கை முழுசா நீளாது, மணிக்கட்டு பம்பரமாச் சுத்தும். ஆண்டவன் கொடுத்தது" என்றார்.

ஐயா, அந்த மணிக்கட்டு பதினாலு வருஷமா அவர்கிட்டதானே இருந்தது? அதுவரைக்கும் மித வேகமாத்தானே பந்து போட்டுக்கிட்டிருந்தார்! கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் கோச் சுனில் பெர்னாண்டோ சொன்ன பிறகுதான் சுழற்பந்துக்கு மாறினார்.

நான் பனமரத்துப்பட்டிக்காரன். ஒரு காலத்தில் சேலத்துக்கே குடிதண்ணி கொடுத்தது எங்க ஏரி. தண்ணி வத்தின வருஷம் பசங்க அதுலதான் கிரிக்கெட் ஆடுவாங்க. எவனாவது "எறியறான்டா" என்று சொல்லிட்டால் போதும், பந்து போட்டவன் அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போயிடுவான். ஆட்டமும் முடிஞ்சது, பந்து அவனோடதாச்சே! (சிரிப்பு)

முரளிக்கு இது நடந்தது ஏரியில் அல்ல. மெல்போர்ன் மைதானத்தில், 1995 டிசம்பர் 26-ல். தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழரின் பேரன், வயது 23. மூன்றே ஓவரில் ஏழு தடவை நோபால் கொடுத்தார் அம்பயர் டேரல் ஹேர். கோட்டைத் தாண்டியதற்கல்ல, எறிகிறார் என்று! அத்தனை ஆயிரம் கண்கள் பார்க்குது. கேப்டன் ரணதுங்க மறுமுனைக்கு மாற்றினார். அங்கேயிருந்து இன்னும் பன்னிரண்டு ஓவர் போட்டார் ஐயா! மார்க் வாவை போல்டும் ஆக்கினார். (கைதட்டல்)

அதோடு விட்டார்களா? ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள், போனார். 2004-ல் முழங்கையை அசைக்க முடியாதபடி கட்டு மாட்டிக்கொண்டு, கேமரா முன்னால் அதே பந்துகளைப் போட்டுக் காட்டினார், தூஸ்ரா உட்பட. தூஸ்ரா என்றால் இந்தியில் 'இன்னொண்ணு'. எங்க வீட்டில் இட்லிக்கு நான் கேட்கிற வார்த்தை, கிடைக்கிறதுதான் இல்லை! (சிரிப்பு) கடைசியில் அளந்து பார்த்தால், வேகப்பந்து வீச்சாளர்கள் பலருக்கும் கை கொஞ்சம் மடங்கி நிமிரத்தான் செய்தது. 2005-ல் எல்லோருக்கும் 15 டிகிரி வரை அனுமதி என்று விதி வந்தது.

2010 ஜூலை, காலி மைதானம், இந்தியாவோடு ஆட்டம். கையில் 792. தொடரில் மூன்று டெஸ்ட் இருக்கு. முரளியோ, "முதல் டெஸ்டோடு ஓய்வு" என்று முன்கூட்டியே சொல்லிட்டார்! முதல் இன்னிங்சில் ஐந்து. ரெண்டாவதில் ரெண்டு. 799-ல் நின்னு போச்சு. லட்சுமண் ரன் அவுட். மிச்சம் ஒரே விக்கெட். அதை வேறு யார் எடுத்தாலும் கதை முடிஞ்சது. இஷாந்த் சர்மாவும் ஓஜாவும் அவுட்டாகாமல் நிற்கிறாங்க. ஓவர் மேல் ஓவர் போடுகிறார் முரளி. ஓஜா மட்டையில் பட்ட பந்தை ஸ்லிப்பில் மஹேல பிடித்தார். 800! (பலத்த கைதட்டல்)

ரெண்டு டெஸ்டை வேண்டாம் என்று விட்டதும் அந்த முழங்கைதானா? எதிரணி நண்பர் சொல்லட்டும். மணி அடிச்சிட்டாங்க, உட்காருகிறேன்.