படம் நிறுவல் ஆகாது

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவர் மேடையேறினால் நீரிழிவு பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது புள்ளிகளையும் கோடுகளையும் பற்றி.

2020 இல் கொவிட் தொற்றாளர்களின் தொடர்புகளைத் தேடும் பணியில் நானும் இருந்தேன். யார் யாரைச் சந்தித்தார் என்ற விபரம் தாள் தாளாகக் குவிந்தது. ஓர் இரவு அவற்றை இரண்டு அட்டவணைகளாகத் தட்டினேன். ஒன்றில் ஆட்கள், மற்றதில் இன்னாரும் இன்னாரும் என்று சோடிகள். கணினித் துறையில் வரைபு எனப்படும் தரவுக் கட்டமைப்பு அடிப்படையில் இவ்வளவுதான். அதை மடிக்கணினியில் 'கெஃபி' என்ற இலவச மென்பொருளில் திறந்தேன். ஆள் ஒரு புள்ளி, தொடர்பு ஒரு கோடு.

தங்கைமாரே, ஒன்றைக் கவனியுங்கள். அட்டவணையில் எவருக்கும் மேல், கீழ், நடு என்று இடம் கிடையாது. இடம் கொடுப்பது மென்பொருள். 1984 இல் பீற்றர் ஈட்ஸ் என்ற கணினி அறிஞர் ஒரு வழி சொன்னார்: கோடுகள் சுருள்வில்களைப் போல இழுக்கட்டும், புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளட்டும், எல்லாம் அடங்கியதும் படம் கிடைக்கும். இன்றைய மென்பொருள்கள் பலவும் இந்த வழியில் வந்தவையே. இதில் கோடுகள் அதிகமுள்ள புள்ளி பெரும்பாலும் நடுவுக்கு வந்துவிடும்.

என் படத்தில் ஒரு பெண்ணின் புள்ளி நடுவில் நின்றது. காலையில் அதைப் பார்த்த சக வைத்தியர், "இவதான் எல்லாருக்கும் குடுத்திருக்கிறா" என்றார். நானும் தலையாட்டினேன்.

பின்னேரம் மனம் கேளாமல் தாள்களைத் திரும்பப் புரட்டினேன். பலருக்குக் காய்ச்சல் தொடங்கிய பிறகே அவருக்குத் தொடங்கியிருந்தது. அவர் நடுவில் நின்றதற்குக் காரணம், சந்தித்த ஒவ்வொருவரையும் ஞாபகப்படுத்தி ஒளிக்காமல் சொன்னதுதான். மறைத்தவர்களுக்குக் கோடுகள் குறைவு; அவர்கள் ஓரத்தில் நல்லபிள்ளைகளாக நின்றார்கள். நோய் தொடங்கிய திகதிப்படி புள்ளிகளை இடமிருந்து வலமாக நானே இழுத்து வைத்தேன். தரவு அதேதான். அந்தப் பெண் வலப்பக்கத்துக்குப் போய்விட்டார்.

இப்படியொரு படம் உலகறியப் பழி சுமத்தியதும் உண்டு. அதே 1984 இல், அமெரிக்காவில் எயிட்ஸ் நோயாளர் 40 பேரைக் கோடுகளால் இணைத்த படமொன்று மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. அதில் ஒருவரின் குறி பூச்சியம். கலிபோர்னியாவுக்கு வெளியே உள்ளவர் என்பதற்காக இட்ட ஆங்கில 'ஓ' எழுத்தே பூச்சியமாகிவிட்டது. அந்த நாட்டுக்கு நோயைக் கொண்டுவந்தவர் அவரே என்று அவர் இறந்த பின்னர் ஊடகங்கள் எழுதின. பழைய குருதி மாதிரிகளின் மரபணு ஆய்வு அது தவறென்று 2016 இல் காட்டியது. அவரும் விசாரித்தவர்களுக்குப் பல பெயர்களைச் சொல்லி உதவியவர்தான்.

படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாள்களில் என் கண்ணுக்குத் தப்பிய தொடர்புகளைப் படம்தான் காட்டித் தந்தது. ஆனால் படத்திலிருந்து ஒருவரைச் சுட்டுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்தப் புள்ளியை இங்கே வைத்தது யார்? வரையப்படாத கோடு எது?

இதே கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் கணித ரீச்சர் கேத்திரகணிதம் படிப்பித்தா. இரண்டு பக்கமும் சமமாகத் தெரிகிறது என்று நான் எழுதிய விடையைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, "பிள்ளை, படம் நிறுவல் ஆகாது" என்றா. அன்று போன புள்ளிகளுக்காக அழுதேன். அந்தப் பின்னேரம் தாள்களைத் திரும்பப் புரட்ட வைத்தது அந்தச் சிவப்பு மைதான்.