வாசியற்ற காசு

அறப்பளீசுவரப் பெருமான் திருமுன் கூடியிருக்கும் மெய்யன்பர்களே! காரவள்ளி அடிவாரம் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆடிப்பெருக்கு விழாவுக்கு வந்துள்ளீர்கள். கைப்பொருள் சிறிதாய், ஆற்றவேண்டிய பணி பெரிதாய் இருக்கும்போது தலைமை தாங்குவோர் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதை இத்தேவார வைப்புத் தலத்தில் சிந்திக்க விரும்புகின்றோம்.

திருவீழிமிழலையில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அங்கே தங்கியிருந்த ஞானசம்பந்தப் பெருமானுக்கும் நாவுக்கரசருக்கும் இறைவன் நாளொன்றுக்கு ஒவ்வொரு காசு அருளினான். இருவர்க்கும் துன்பமில்லை எனினும் அவர்களை அடைந்தோர் வாடலாகாது என்பதே திருவுள்ளம். இரு திருமடங்களிலும் அடியார்க்கு அமுது நடந்தது. எனினும், அப்பர் மடத்தில் உரிய காலத்தில் பந்தி முடியும். பிள்ளையார் மடத்தில் தாழ்ந்தே தொடங்கும்.

இவ்விடத்தில்தான் நாம் சற்று நிற்கவேண்டும். சம்பந்தப் பெருமான் மடைப்பள்ளியாரைக் கடிந்தாரா? இல்லை. தாமதம் ஏன் என்று வினவினார். தங்கள் காசைக் கடைவீதியில் வாசி, அதாவது வட்டம், கழித்தே ஏற்கின்றனர்; அதனால் பண்டம் வாங்கக் காலம் நீள்கிறது; அப்பர் காசுக்கோ வாசி இல்லை என்றனர் பணியாளர். பிழை அடுப்பில் இல்லை, காசில் இருந்தது! அஞ்சாமல் அதனைச் சொல்லும் உரிமை அவர்களுக்கு அம்மடத்தில் இருந்ததே, அதுவே பெரிது. நாவுக்கரசர் கைத்தொண்டு செய்பவராதலின் அவருக்கு நற்காசு கிடைத்தது என்று உணர்ந்த பிள்ளையார், குறையைத் தாமே இறைவனிடம் பாடி முறையிட்டு நீக்கிக்கொண்டார். உழவாரம் ஏந்திய அப்பரோ, பிறரைப் புல் செதுக்க ஏவி நிழலில் அமர்ந்தவர் அல்லர். இக்காலத்து விழாக்குழுவினர் சிலர் ஒலிபெருக்கியால் மட்டும் தொண்டு செய்கின்றனர், அது நிற்க.

கேட்டறியும் இப்பண்பு இம்மலையிலும் பயன் தந்துள்ளது. இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் வழிவழியாகச் சாமை, தினை, கேழ்வரகு விளைத்தவர்கள். பின்னர்ச் சேலம், நாமக்கல் பகுதிச் சவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி மலையேறியது, சிறுதானியம் சுருங்கியது. பழம்பெருமை அறியாத மக்கள் என்று பழிப்பது எளிது. 1988-இல் வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1990-களில் இங்குப் பணி தொடங்கியபோது அவ்வாறு பழிக்கவில்லை. உழவரிடமும் பெண்களிடமும் காரணம் கேட்டனர்.

காரணம் உரலில் இருந்தது. சாமையின் உமி எளிதில் நீங்குவதன்று. காடு கழனியில் உழைத்து வந்த பெண், இரவு உணவுக்காக உலக்கை பிடித்துக் கை காய்க்கக் குத்தவேண்டும். கடையில் வாங்கும் நெல்லரிசிக்கோ அத்துன்பம் இல்லை. பாட்டன் சொத்து என்று மேடையில் புகழ்ந்தால் உலக்கையின் கனம் குறையுமா?

ஆகவே ஊர்களில் சிறிய உமி நீக்கும் எந்திரங்கள் அமைந்தன. பெரிய ஆலை எழுப்பப் பொருளும் இல்லை, தேவையும் இல்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களே எந்திரத்தை இயக்கின. சாமை அரிசியும் மாவும் ஆக்கி விலைக்கு அனுப்பின. அறிவியலார் வழிகாட்டினர், ஆனால் பொறுப்பு மலைப்பெண்களின் கையில் இருந்தது. சிறுமுதல் நின்று பயன்தந்தமைக்கு அதுவே காரணம் என்பது நம் துணிபு.

மரவள்ளி இன்றும் மலைச்சரிவுகளில் நிற்கின்றது. சிறுதானியம் முன்னிருந்த பரப்பை மீட்டுவிட்டதாக நாம் கூறவில்லை. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டு எனக் கொண்டாடியது. அதற்கு நெடுநாள் முன்பே, ஊர் விதை வங்கிகள் அமைத்தபோது, தானியம் காக்க இம்மலையோர் வழிவழியாகக் கட்டிவந்த தொம்பை என்னும் களஞ்சியமே அதற்கும் துணையாயிற்று. புதிய கிடங்கு தேடவேண்டியிருக்கவில்லை.