நன்கொடையும் நிபந்தனையும்



நம் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை முன்வந்திருப்பதாகச் செயலாளர் அறிவித்தார். மகிழ்ச்சி. பெறுவதற்கு முன் ஒரு வரலாற்றைக் கேட்டருள வேண்டுகிறேன்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களுக்காக 1866இல் தோன்றியது ஃபிஸ்க் கல்லூரி. கடன் சூழ்ந்த வேளையில், 1871இல் அதன் மாணவர்களே ஊர் ஊராகச் சென்று, தம் முன்னோர் பாடல்களைப் பாடிப் பொருள் ஈட்டினர். ‘ஜூபிலி பாடகர்’ என்பது அக்குழுவின் பெயர். அப்பணத்தில் எழுந்ததே ஜூபிலி மண்டபம். (நாமும் ஜூபிலி கொண்டாடுகிறோம், நம் மண்டபத்திற்குத்தான் இன்னும் கூரை இல்லை.)

பாடி ஈட்டிய பணத்தில் மண்டபம் கட்டலாம். ஆண்டுதோறும் பேராசிரியர்க்கு ஊதியம் தர இயலுமோ? அதற்கு நிலையான மூலநிதி வேண்டும். ராக்ஃபெல்லர் 1902இல் நிறுவிய பொதுக் கல்வி வாரியத்திடம் பெரும்பொருள் இருந்தது. ஆயின், கறுப்பின மக்களுக்குக் கைத்தொழிற் பயிற்சியே போதும் என்போர் பக்கமே அது நெடுங்காலம் சாய்ந்திருந்தது. 1920களில்தான் ஃபிஸ்க்குக்கு ஐந்து லட்சம் டாலர் தர இசைந்தது. மீதியைத் திரட்டிப் பத்து லட்சமாக்குவது கல்லூரியின் பொறுப்பு.

கொடுப்போர் மனம் கோணலாகாதென அஞ்சிய வெள்ளையினத் தலைவர் மெக்கென்சி, மாணவர் மன்றத்தைக் கலைத்தார். மாணவர் இதழை நிறுத்தினார். உடைக்கும் பழக்கவழக்கத்திற்கும் கடுவிதி வகுத்தார். அவரைக் கொடியவர் என்று நான் தள்ளிவிடமாட்டேன். கட்டட நிதிக்காகக் கைகட்டி நின்ற தலைமையாசிரியன் நான். அந்த அச்சம் எனக்குத் தெரியும்.

அக்கல்லூரியின் பழைய மாணவர் டு பாய்ஸ், 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதித் தொடர்பு கொண்ட அதே அறிஞர், 1924இல் அம்மேடையிலேயே நின்று இதனைக் கண்டித்தார். மறு ஆண்டு மாணவர் கிளர்ந்தெழுந்தனர், தலைவர் காவலரை அழைத்தார், வகுப்புகள் வெறிச்சோடின, அவ்வாண்டே அவர் பதவி துறந்தார்.

கல்லூரி அழிந்ததா? 1930இல் தென் மாநிலக் கல்லூரிகளின் சங்கம் முதன்முதலாக ஒரு கறுப்பினக் கல்லூரிக்கு முழுத்தர அங்கீகாரம் அளித்தது. அது ஃபிஸ்க்தான்.

ஆகவே, செயலாளர் அவர்களே, கையொப்பமிடுமுன் அந்த அறக்கட்டளையின் கடிதத்தை இவ்விளைஞர் முன் உரக்கப் படியுங்கள். மாணவர் எப்பாடம் பயில்வது என்பதைத் தாமே தீர்மானிப்பதாகக் கூறும் மூன்றாம் நிபந்தனையை இருமுறை படியுங்கள்.