ஐஸ் ஹவுஸ் பெண்கள்



இந்த நூலகக் கூட்டத்தின் அழைப்பிதழில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘துயரில் துளிர்க்கும் அன்பு’. படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் துயரம் என்ன உரமா, போட்டவுடன் அன்பு துளிர்ப்பதற்கு? துயரத்தில் கருகிப் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். அப்பாவுக்கு அத்தை, விதவை. நாங்கள் மொட்டைப்பாட்டி என்போம். அவருக்கென்று ஒரு பெயர் இருந்ததே, அவர் போன பிறகு காரியத்தில் சாஸ்திரிகள் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் யாராவது வெளியூர் கிளம்பினால் பாட்டி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். போகச் சொல்லி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. அப்படிப் பழக்கி வைத்திருந்தோம்.

ஆகவே தலைப்பைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். அதே விதி வந்த இன்னொரு பெண் எப்படித் தப்பினார்?

1886-ல் பிறந்தவர். பதினொரு வயதில் கல்யாணம். சிறிது காலத்திலேயே கணவர் இறந்துபோனார். அந்தப் பிள்ளையின் முகம்கூட அவர் மனதில் பதிந்திருக்குமா, தெரியாது. ஊருக்கு அதெல்லாம் கணக்கில்லை. அறுதலி என்றால் அறுதலிதான். ஆனால் அப்பா சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. புத்தகத்தைக் கொடுத்தார். வீட்டில் ஒரு சித்தி இருந்தார், அவரும் விதவை. இந்த இரண்டு பேரைக் கவனியுங்கள். சிறுமி துயரத்தோடு தனியாகப் போராடி ஜெயித்தாள் என்று கதை சொல்லிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது உண்மையில்லை. பக்கத்தில் முகம் திருப்பாத இரண்டு பேர் இருந்தார்கள். என் பாட்டிக்கு அப்படி ஒருவர்கூட இல்லை.

அந்தச் சிறுமிதான் சகோதரி சுப்புலட்சுமி. 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்துப் பெண் அவர்தான் என்பார்கள். கான்வென்ட்டில் தனக்குப் பாடம் சொன்ன கன்னியாஸ்திரிகளின் உழைப்பைப் பார்த்து வளர்ந்தவர். அதனால்தான் வெள்ளைப் புடவை கட்டிய இந்த இந்துப் பெண்ணின் பெயரோடு ‘சிஸ்டர்’ ஒட்டிக்கொண்டது.

மறுவருஷம் எழும்பூரில் ஒரு வீட்டில் விதவைகளுக்காக இல்லம் தொடங்கினார். நான்கே நான்கு பெண்கள், எல்லாரும் குழந்தை விதவைகள். வீட்டைக் கவனித்துக்கொள்ள அதே சித்தி. சேதி பரவியது, பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள், இடம் போதவில்லை. பெரிய கட்டடத்துக்கு எங்கே போவது? கடைசியில் கிடைத்தது எது தெரியுமா? நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகிறோமே, மெரினாவில் அந்த வட்ட முகப்புக் கட்டடம், ஐஸ் ஹவுஸ்!

அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்க 1842-ல் கட்டியது அது. இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு ஒரு வக்கீல் வாங்கினார். 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கினார். 1917-ல் அரசாங்கம் வாங்கியது, விதவைப் பெண்கள் குடியேறினார்கள். எதிரே வந்தால் சகுனம் கெட்டது என்று ஊர் ஒதுக்கிய சிறுமிகள், ஊரே காற்று வாங்க வரும் கடற்கரையில் குடியிருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைப் படமாக மாட்டி மாலை போட்டுவிடுவோம். அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். வேறு சாதியாருடன் தங்க வைத்தால் பெண்ணை அனுப்ப மாட்டார்கள் என்று காலத்தோடு செய்துகொண்ட சமரசம் அது. காரணம் இருந்தது, ஆனாலும் குறை குறைதான். பிற்பாடு அவர் வளர்த்த பள்ளிகள் அந்த வேலியைத் தாண்டின. கடைசிக் காலத்தில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் மாடம்பாக்கத்துக் கிராமப் பெண்களுக்காக உழைத்தார்.

அவர் அந்தச் சிறுமிகளுக்கு என்ன ஆறுதல் சொன்னார் என்று தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. படி என்றார், பரீட்சை எழுது என்றார், வேலைக்குப் போ என்றார். 1914-ல் அதே கடற்கரையில் தொடங்கிய ராணி மேரி கல்லூரிக்கு அந்த வீட்டுப் பெண்கள் போனார்கள். வாத்தியாரம்மாக்களாக வெளியே வந்தார்கள். திருவல்லிக்கேணிப் பெரியவர்களே, உங்கள் அம்மாவுக்கு ‘அ’ போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

தனக்கு இல்லாத குழந்தைப் பருவத்தை இன்னொரு குழந்தைக்குக் கொடுப்பது லேசில்லை. ‘நான் பட்டேன், நீயும் படு’ என்பதுதான் மனித சுபாவம், மாமியார்களைக் கேட்டால் தெரியும். (சிரிக்காதீர்கள், மாமனார்களும் இருக்கிறோம்.) அவருக்கு அது எப்படி முடிந்தது? எனக்குச் சித்திமேல்தான் சந்தேகம். தன் துக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இந்தச் சிறுமியைப் பார்த்துக்கொண்ட ஒருத்தியைத் தினமும் பார்த்து வளர்ந்தவர் அவர்.

1969-ல் சுப்புலட்சுமி காலமானார். அவரைப் பற்றிப் புத்தகம் வந்திருக்கிறது, அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. சித்திக்கு ஒன்றும் இல்லை. இந்த நூலகத்தில் அடுத்து ஒரு கூட்டம் போட்டால், தயவுசெய்து தலைப்பைச் சித்தியின் பெயரில் அச்சடியுங்கள், நான் சொந்தச் செலவில் வருகிறேன்.