இந்த வாரமா, அந்த வாரமா?

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நான் பணியாற்றும் வாணியம்பாடிப் பகுதியில் பல வீடுகளில் பேச்சுமொழி உருது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. உருதுவில் சொன்னால் புரியும். "இந்த வாரத்துக்குள் வருமானச் சான்றிதழ் தர வேண்டும்" என்பதைச் செல்பேசிச் செயலியில் உருதுவாக்கி அனுப்பினேன். அவர் அதைச் செல்பேசியையே வாசிக்கவைத்துக் கேட்டார். அது "அந்த வாரம்" என்று வாசித்தது. பருவத்தேர்வு முடிந்த வாரம் என்று எண்ணிக்கொண்டார். சான்றிதழோடு அவர் வந்தபோது, உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள் முடிந்திருந்தது. அந்தக் குழந்தையின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

எங்கே பிழை? எங்கள் பள்ளி உருது ஆசிரியர்தான் விளக்கினார். உருதுவில் 'இஸ்' என்றால் இந்த. 'உஸ்' என்றால் அந்த. குறில் ஒலிக்குறிகளை வழக்கமாக எழுதுவதில்லை என்பதால், எழுத்தில் இரண்டும் ஒன்றே. மனிதர் இடம் பார்த்துப் படித்துவிடுவார். கணினியோ, முன்பு தான் கற்ற வாக்கியங்களை வைத்து ஊகிக்கிறது. கற்ற வாக்கியங்கள் குறைந்தால் ஊகம் தவறும்.

இத்தகைய மொழிகளைக் கணினித் துறையினர் 'வளம் குறைந்த மொழிகள்' என்கிறார்கள். இது பேசுவோர் எண்ணிக்கையையோ இலக்கிய வளத்தையோ குறிப்பதன்று. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் 5 கோடிக்கு மேற்பட்டோரின் தாய்மொழி உருது. குறைவாக இருப்பது, கணினி படிக்கக்கூடிய உரை.

ஏன் குறைந்தது? உருதுவின் நஸ்தலீக் எழுத்து சரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அமைவது, அச்சுக்கோப்பது கடினம். பாகிஸ்தானின் 'ஜங்' நாளிதழ் 1981இல்தான் கணினி எழுத்துக்கு வந்தது. 1927இல் தொடங்கிய நம் சென்னைத் திருவல்லிக்கேணி 'முசல்மான்' நாளிதழ் பல பத்தாண்டுகள் கையால் எழுதியே அச்சிடப்பட்டது. இணையம் வந்த பிறகும் பல உருது இதழ்கள் பக்கங்களைப் படங்களாகவே ஏற்றின. படத்திலுள்ள எழுத்து கணினிக்கு வெறும் படமே.

சொல் இடைவெளியும் சிக்கல். அழகான என்னும் பொருள் தரும் 'கூப்சூரத்' என்பதைச் சிலர் ஒரே சொல்லாகவும் சிலர் இரண்டாகவும் எழுதுவர். ஆப்கானிஸ்தானின் ஆட்சிமொழிகளுள் ஒன்றான பஷ்தோவில் 'யே' எழுத்துக்கு ஐந்து வடிவங்கள். ஆண்பால், பெண்பால் வேறுபாடுகூட அவற்றால் தெரியும். விசைப்பலகையில் கிடைத்த ஒன்றையே எங்கும் தட்டினால், கணினி தவற்றையே பாடமாகக் கற்கும்.

நாம் செய்யக்கூடியவை மூன்று. உருதுப் பள்ளி ஆசிரியர்கள் வினாத்தாள், பாடக்குறிப்புகளைப் படமாக அன்றி ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள். குழப்பம் தரும் சொற்களுக்கு 'ஸேர்', 'பேஷ்' குறிகளை இடுங்கள். 'காமன் வாய்ஸ்' போன்ற திறந்த குரல் தொகுப்புகளில் உருது, பஷ்தோ இரண்டுக்கும் இடமுண்டு. உருது பேசும் ஆசிரியர்கள் குரல் வழங்கலாம்.

இயந்திரம் தேறும்வரை, நானே வகுத்துக்கொண்ட விதி ஒன்று: தேதியைத் தேதியாகவே எழுதுவேன், முக்கியச் செய்தியை மொழி தெரிந்த ஒருவரைக்கொண்டு நேரில் சொல்வேன். மறு ஆண்டு உதவித்தொகை விண்ணப்பங்களின்போது அப்படியே செய்தேன். ஒரு தாயும் பிந்தி வரவில்லை.