இளங்குடியரசும் ‘எழுத்து’ம்



1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இந்தியாவில் நூற்றுக்கு 18 பேரே எழுத்தறிந்திருந்தனர். ஆயினும் இளங்குடியரசு, 21 வயது நிறைந்த அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கியது. எழுத்தறிவு பெருகப் பெருகப் பேரிதழ்களும் பெருகின. அங்கும் எண்ணிக்கையே ஆண்டது.

இந்நிலையில்தான், வத்தலக்குண்டைச் சொந்த ஊராகக் கொண்ட சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். விடுதலைப் போரில் சிறை கண்டவர் அவர். விற்பனையைப் பொருட்படுத்தாது, யாப்பை விட்டு விலகிய புதுக்கவிதைக்கும் சமரசமற்ற விமர்சனத்திற்கும் இடமளித்தார். அங்கு முளைத்த கவிதைகளே 1962-இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பாயின. நூல்களைத் தாமே சுமந்து சென்று கல்லூரிகளில் விற்றார். 1970-இல் இதழ் நின்றபோது, புதுக்கவிதை தமிழில் வேரூன்றியிருந்தது.

பெரும்பான்மை வெல்வது தேர்தலின் நெறி. கவிதையின் நெறி வேறு. பலர் கேளாத ஒரு குரலுக்குச் செவிகொடுக்கும் சிறு அவையும் குடியரசுக்குத் தேவை. பத்தாண்டு கண்ட இவ்விலக்கிய வட்டம் அத்தகைய அவையாகவே வளர்தல் வேண்டும்.