பிஸ்கட் பொட்டலமும் பிள்ளையின் பசியும்

(ஆதரவாளர் கூடுகையில் குழந்தைகள் பகுதி ஊழியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வருஷந்தோறும் இந்தக் கூடுகையில் உங்களுக்கு நன்றி சொல்லவே நாங்கள் எழுந்து நிற்போம். இன்றைக்கும் நன்றி உண்டு. ஆனால் இந்த முறை அதோடு ஒரு முறையீட்டையும் கொண்டுவந்திருக்கிறோம். அது குழந்தைகள் வார்டுக்கு நீங்கள் அன்போடு எடுத்துவரும் பிஸ்கட் பொட்டலங்களையும் கிரீம் பன்களையும் பற்றியது. மனவருத்தப்படாமல் கடைசி வரை கேட்பீர்கள் என்று நம்புகிறோம். ஏனெனில் அந்தப் பொட்டலங்களைப் பல வருஷங்களாகக் கைநீட்டி வாங்கி, அலமாரியில் அடுக்கி, அழுகிற பிள்ளைக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவர்கள் நாங்களேதான்.

ஆவடிப் பக்கத்திலிருந்து மூன்று வயதுப் பையன் ஒருவனை அவனுடைய ஆயா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தகப்பனாருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. தாயார் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவர். காலை ஏழரை மணிக்குக் கம்பெனி வண்டி ஏறினால் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு. ஆகவே பிள்ளை முழுக்க முழுக்க ஆயாவின் கையில். “ஒண்ணுமே துன்ன மாட்டேங்குது சிஸ்டர். பசி எடுக்கிறதுக்கு ஒரு டானிக் எழுதிக் குடுங்க” என்பதே அந்த அம்மாவின் வேண்டுகோள்.

எடை போட்டோம், 11 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி அந்த வயது ஆண்பிள்ளை ஏறக்குறைய 14 கிலோ இருப்பான். இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே. அந்த வயதுப் பிள்ளைக்கு 11-ஆவது இருக்கவேண்டும். டானிக் எழுதுவதற்குப் பதிலாக எங்கள் சிஸ்டர் ஒருவர் ஆயாவை நிழலில் உட்காரவைத்து, “நேத்து காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் புள்ள வாயில என்னென்ன போச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க ஆயா” என்று கேட்டு, சீட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

எழுந்தவுடன் டீயும் அதில் முக்கிய பொறையும். எட்டு மணிக்கு இட்லியில் ஒரு விள்ளல். ஒன்பதுக்கு நாலு பிஸ்கட். பத்தரைக்குப் பெட்டிக்கடையில் தொங்கும் ஐந்து ரூபாய் சிப்ஸ் பொட்டலம். மத்தியானம் செல்போனில் பாட்டுப் போட்டுக் காட்டி, வாயைத் திறக்கிற நேரம் பார்த்து ஊட்டிய சோறு இரண்டு வாய். அதற்குமேல் துப்பிவிட்டான். “சோறுதான் எறங்கலியே” என்று இரண்டு மணிக்குச் சத்துமாவு பானம் கலந்த பால் ஒரு பெரிய டம்ளர். நாலு மணிக்கு மறுபடி டீ, முனைக்கடை பஜ்ஜி. தாய் வந்ததும் ஒரு மிட்டாய். இரவுச் சாப்பாட்டுக்கு முன் தூங்கிவிட்டான். பதினொரு மணிக்குத் தகப்பனார் ஷிப்டு முடிந்து வந்தபோது எழுந்து, அவர் பையிலிருந்த கிரீம் பிஸ்கட்டைத் தின்றான்.

சீட்டை ஆயாவுக்கு வாசித்துக் காட்டினோம். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “நாள் பூரா துன்னுக்கினே கீறானே!” என்றார்கள். இதை நாங்கள் சொல்லியிருந்தால் வைததாக இருந்திருக்கும். அவர்களே கண்டுகொண்டார்கள்.

இந்த ஆயாவைக் குறைசொல்ல நாங்கள் இங்கே நிற்கவில்லை. ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது தடவை பிள்ளையின் வாய்க்கு எதையாவது கொண்டுபோன உழைப்பு அது. தவறு அன்பில் அல்ல, நேரத்திலும் அளவிலும் இருக்கிறது. சின்னப் பிள்ளையின் வயிறு சின்னது. ஒன்று முதல் இரண்டு வயதுவரை ஒரு வேளைச் சாப்பாடு 250 மில்லி பிடிக்கும் கிண்ணத்தில் முக்கால் முதல் ஒரு கிண்ணம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மூன்று வயதுக்கு அதைவிடச் சற்றுக் கூடலாம், அவ்வளவுதான். பத்தரை மணிக்குச் சிப்ஸ் போன வயிற்றில் பன்னிரண்டரைக்குச் சோற்றுக்கு இடம் எங்கே? சிப்ஸில் எண்ணெயும் உப்பும் மாவும் உண்டு. பருப்பில் உள்ளதும் கீரையில் உள்ளதும் முட்டையில் உள்ளதும் அதில் இல்லை. போதாததற்கு, டீயிலுள்ள துவர்ப்புச் சத்து உணவிலுள்ள இரும்பைச் சேரவிடாது. பாலும் அளவுக்கு மிஞ்சினால், நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால், இரத்தச்சோகைக்கு வழி செய்கிறது. பால் கொடுத்தால் ஒரு கவலையும் இல்லை என்று நினைக்கிற தாய்மாருக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கிறோம்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நமது தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதத்துக்கும் மேலானோருக்கு இரத்தச்சோகை. ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். 1956-இல் காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவுத் திட்டமும் உள்ள மாநிலத்தில் இந்த நிலை! வறுமை இன்னும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் எங்களிடம் வருகிற பல வீடுகளில் தட்டு காலியாக இல்லை, பிள்ளையின் வயிறுதான் சாப்பாட்டு வேளைக்கு முன்பே நிரம்பிவிடுகிறது.

பழைய காரியம் ஒன்றை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறோம். 1980-இல் மதுரை மாவட்டத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை பார்ப்பார்கள். எடை ஏறாமல் நிற்கிற பிள்ளைக்கு மட்டும் தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்த சிறிய உருண்டை, அதுவும் மையத்திலேயே உட்காரவைத்துக் கொடுப்பார்கள். எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். ஏன் சோறாகப் போடாமல் சிறு தின்பண்டமாகக் கொடுத்தார்கள் தெரியுமா? வீட்டுச் சாப்பாட்டின் இடத்தை அது பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான். தின்பண்டம் சாப்பாட்டுக்குத் துணையாக இருக்கவேண்டும், போட்டியாக அல்ல என்று அன்றைக்கே நம் ஊரில் புரிந்து செய்திருக்கிறார்கள்.

சரி, எவ்வளவு கொடுப்பது? தாய்மார் கூட்டத்தில் அதிகமாக வாதம் நடப்பது இதில்தான். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை வெளியானது. மூன்றரை வயதுப் பிள்ளைகளுக்குத் தட்டில் கொஞ்சம் வைத்தாலும் நிறைய வைத்தாலும், அவர்கள் தங்கள் பசிக்குத் தக்க ஏறக்குறைய ஒரே அளவையே சாப்பிட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளோ நிறைய வைத்தால் நிறையச் சாப்பிட்டார்கள். இதை வாசித்தபோது எங்களுக்கு உள்ளம் குத்தியது. பிறக்கும்போது பிள்ளைக்குத் தன் வயிற்றின் குரல் நன்றாகக் கேட்கிறது. “தட்டைக் காலி பண்ணு”, “அப்பாவுக்கு ஒரு வாய், அம்மாவுக்கு ஒரு வாய்” என்று நாம்தான் இரண்டு வருஷத்துக்குள் அந்தக் குரலை அமுக்கிவிடுகிறோமோ?

எல்லின் சாட்டர் என்னும் அமெரிக்க உணவு ஆலோசகர் ஒரு பங்கீடு சொல்லிவைத்தார். எதைக் கொடுப்பது, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்கச் சுலபம். நடத்திப் பார்த்தால் ஆயாமாருக்கு உயிர் போகிறது.

நாங்கள் சொல்லிக்கொடுக்கும் வழி இதுதான். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு தடவை சிறு தின்பண்டம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி. இடையில் கேட்டால் தண்ணீர். பிள்ளைக்கென்று ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணம். அதில் நாம் நினைப்பதில் பாதி வைத்து, மேலும் கேட்டால் போடவேண்டும். வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். சோற்றை வீணாக்குவது பாவமல்லவா என்று பெரியவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. குறைவாக வைத்தால் வீணாகாது. செல்போன் கிடையாது. தின்பண்டம் என்றால் சுண்டல், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம், கொய்யா, கேழ்வரகுப் புட்டு, பொடித்துப் பிடித்த வேர்க்கடலை உருண்டை. முழு வேர்க்கடலையைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். மூச்சுக்குழாயில் சிக்கி ஓடிவந்த குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

முதல் நாலைந்து நாள் வீட்டில் கலகம்தான். பிள்ளை புரண்டு அழும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்ப்பார்கள். அந்த நேரத்தில் ஒருவர் மனமிரங்கிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டால், அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் பிள்ளை படிக்கும். அதற்காகச் சிப்ஸே கண்ணில் படக்கூடாது என்று பூட்டிவைப்பதும் உதவாது. கண்ணுக்குத் தெரியும்படி வைத்துத் தொடாதே என்று தடுத்த பண்டத்தைப் பிள்ளைகள் அதிகமாகவே நாடினார்கள் என்று 1999-இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில் கண்டார்கள். வீட்டில் வாங்கிக் குவிக்காமல், எப்போதாவது எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து தின்னும்போது பிள்ளைக்கும் ஒரு பங்கு கொடுத்தால் போதும்.

சத்துபானம் பற்றியும் ஒரு வார்த்தை. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிச் சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்கள். 5 கிராம் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே, இவற்றை “ஹெல்த் டிரிங்க்” என்ற தலைப்பின்கீழ் விற்கக் கூடாது என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் வாங்கிப்போவது நம் வழக்கம், விடுவது கஷ்டம்தான்.

அந்தத் தகப்பனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்றாவது தடவை வந்தபோது அவரும் கூட வந்தார். பிஸ்கட் வேண்டாம் என்று சொன்னோம். தலைகுனிந்து, “நான் வர்ற நேரத்துக்குத்தான் அவன் முழிச்சிக்கிறான். என் பையைத்தான் முதல்ல பார்க்கிறான். வெறுங்கையோட எப்படிப் போறது?” என்றார். எங்களில் யாருக்கும் உடனே பதில் வரவில்லை. நாள் முழுதும் பிள்ளையைக் காணாதவருக்கு அந்தப் பொட்டலம்தான் பேச்சு, விளையாட்டு, எல்லாம். கடைசியில் சிஸ்டர்தான் யோசனை சொன்னார்: பையில் ஒரு கொய்யாப்பழம் இருக்கட்டும், “இது நாளைக்கு நாலு மணிக்கு, அப்பா வாங்கினது” என்று அவன் கையாலேயே அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். முழுக்கப் பலித்தது என்று சொல்லமாட்டோம். சம்பள நாளில் கிரீம் பிஸ்கட் வருகிறதாம். ஆனாலும் இரும்புச்சத்து மருந்தோடு, டீயை நிறுத்தி, நேரத்துக்குச் சாப்பிடவைத்ததில் மூன்று மாதத்தில் 700 கிராம் ஏறினான். ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டியது. இன்னும் வரச் சொல்லியிருக்கிறோம்.

மெலிந்த பிள்ளைகள் மட்டுமல்ல, பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீடுகளிலிருந்து எட்டு, பத்து வயதில் அளவுக்கு மிஞ்சிப் பருத்த பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்கும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான்: நேரம், சிறிய தட்டு, டிவி முன்னால் பொட்டலத்தோடு உட்காராமை. பட்டினி போடவும் வேண்டாம், உறவினர் முன்னால் “குண்டு” என்று கேலி செய்யவும் வேண்டாம். கேலிக்குப் பயந்த பிள்ளை ஒளித்துவைத்துத் தின்னப் பழகுகிறது.

இப்போது எங்கள் முறையீடு. பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்திருக்கிறது. எங்கள் வார்டு அலமாரியோ அவற்றால் நிரம்பியிருந்தது. இரத்தச்சோகைக்கு மருந்து கொடுத்த அதே கையால் பதினொரு மணிக்குக் கிரீம் பன்னும் கொடுத்து, பன்னிரண்டரைக்கு, “ஏம்மா உங்க புள்ள சாப்பிடல?” என்று தாயைக் கேட்டிருக்கிறோம். அந்த அலமாரியை இந்த வருஷம் காலி செய்துவிட்டோம்.

ஆகவே பிறந்தநாளுக்கோ பண்டிகைக்கோ பிள்ளைகளைப் பார்க்க வரும்போது தயவுசெய்து பொட்டலங்களைத் தவிர்த்துவிடுங்கள். வாழைத்தார் கொண்டுவாருங்கள், சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொண்டுவாருங்கள், எங்கள் சமையலறையில் வேகவைத்துத் தருவோம். முட்டை மிகவும் உதவும். எதுவானாலும் பிள்ளையின் கையில் நேரே கொடுக்காமல் சிஸ்டரிடம் கொடுங்கள். பத்து மணிக்கும் நாலு மணிக்கும் பிள்ளைகள் சாப்பிடும்போது நீங்களும் பக்கத்தில் உட்காரலாம். ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் வந்திருக்கிறீர்கள்: வசனம் சொன்ன பிள்ளைக்கு மிட்டாய்க்குப் பதிலாக ஒரு கலர் பென்சில் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

தாய்மார் கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிள்ளைக்கென்று ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணம் கொடுத்து அனுப்ப விரும்புகிறோம். 250 மில்லி பிடிக்கும் கிண்ணம், அதைவிடப் பெரிது வேண்டாம். கையிருப்பில் இப்போது பதினேழு இருக்கிறது.